மர வளையானாலும் தனி வளை

நேத்து ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தப்ப ஒரு பழைய கருப்பு வெள்ளை போட்டோ கண்ணுல பட்டுச்சு. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், எட்ஜ்கோம்ப்னு ஒரு ஊர் பக்கம், 1900களோட ஆரம்பத்துல எடுத்தது. வெட்டிப்போட்ட ஒரு பெரிய சிடார் மரத்தோட அடிக்கட்டை, அதுல கதவு, ஜன்னல், தலைக்கு மேல கூரை, வாசல்ல ஒரு குடும்பம் சாவகாசமா போஸ் கொடுத்துட்டு நிக்குது. முதல்ல ஏதோ போட்டோ ஸ்டுடியோ செட்டுன்னு நினைச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சது அவங்க நிஜமாவே அதுக்குள்ள குடியிருந்தவங்கன்னு. அவ்ளோதான், அப்புறம் எங்க தூங்கறது, விடிய விடிய மரப்பொந்து வீடுகளைப் பத்தியே படிச்சிட்டு இருந்தேன்.

காலைல எழுந்ததும் முதல் வேலையா மொட்டை மாடிக்குப் போனேன், ஒரு ஆணி, ஒரு கயிறு, ஒரு சாக்பீஸ். அந்தப் பக்கத்து காட்டுல பெரிய சிடாருக்கு 15, 16 அடி விட்டம்கூட இருக்கும், ராட்சச மரங்கள் 20 அடியத் தொடும்னு படிச்சது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, நம்பர் வெறும் நம்பரா இருக்கறவரைக்கும் ஒண்ணும் புரியாது இல்லையா. ஆணிய நடுவுல பிடிச்சிட்டு 8 அடி கயிறுல ஒரு சுத்து சுத்தி வட்டம் போட்டேன். சுவர் கனம்னு ஒரு அடி விட்டு உள்ள இன்னொரு வட்டம். உள் விட்டம் 14 அடி, கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 154 சதுர அடி. ஒரு நல்ல பெட்ரூம் சைஸ். ஒரே மரம்!

அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருக்கா, எட்டு வயசு, மேல வந்து பாத்துட்டு "என்ன மாமா இது"ன்னா. வீடுன்னு சொன்னேன். ஒரு சுத்து நடந்து பாத்துட்டு "பாத்ரூம் எங்க"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி, வெளியிலதான்னு சொன்னேன், மூஞ்ச சுளிச்சிட்டு கீழ போயிட்டா.

சரி விஷயத்துக்கு வரேன். எனக்கு முதல்ல வந்த சந்தேகம் என்னன்னா, மரத்தை வெட்டினா கட்டை முழங்கால் உயரம்தானே இருக்கும், இவங்களுக்கு மட்டும் எப்படி ஆள் உயரத்துக்கும் மேல கட்டை கிடைச்சதுன்னு. அதுக்கு பதில்தான் இந்த மொத்தக் கதைக்கும் சாவி. செயின்சா வராத காலம், கோடாலியும் ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கற நீள ரம்பமும்தான். இந்த மாதிரி மரங்கள் அடியில பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கும், அந்த இடத்துல நாரோட்டம் நேரா இருக்காது, முறுக்கிக்கிட்டுப் போகும், நிறைய மரத்துல அடிப்பக்கம் உள்ள உளுத்தும் போயிருக்கும். அதை அறுக்கறது பாதி நாள் தண்டம், அறுத்தாலும் பலகைக்கு ஆகாது. அதனால என்ன பண்ணாங்கன்னா, மரத்துல கோடாலியால ஒரு குழி வெட்டி, நுனியில இரும்பு வச்ச ஒரு பலகைய அதுல செருகி, அது மேல ஏறி நின்னு இன்னும் மேல ஒரு குழி, அதுல இன்னொரு பலகைன்னு படி மாதிரி ஏறிப் போய், அடி விரிவு முடிஞ்சு மரம் ஒழுங்கா உருண்டையா ஆகற இடத்துல, எட்டு பத்து அடி உயரத்துல, ஒரு சாண் அகலப் பலகை மேல நின்னுக்கிட்டு அறுத்தாங்க. கீழ விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சா எனக்கு வயிறு கலங்குது. அந்தப் பலகை செருகின குழிகளை இன்னைக்கும் பழைய கட்டைகள்ல பாக்கலாம், ரெண்டு கண்ணு முழிச்சு நம்மள பாக்கற மாதிரி இருக்கும்.

ஆக மிச்சமான கட்டை அவங்களுக்கு கழிவு. கம்பெனிக்காரங்க நல்ல மரத்தை எல்லாம் எடுத்துட்டு, வெறும் கட்டையா நிக்கற நிலத்தை விவசாயம் பண்ண வந்தவங்ககிட்ட வித்துட்டுப் போனாங்க. அந்த மாதிரி நிலத்துக்கு "ஸ்டம்ப் ராஞ்ச்"னே (கட்டைப் பண்ணை) ஒரு கிண்டல் பேர். வாங்கினவன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க, ஏர் ஓட்டணும்னா முதல்ல கட்டைய எடுக்கணும், ஒவ்வொண்ணும் ஒரு ரூம் சைஸ், வேர் எல்லாம் எவ்ளோ தூரம் போயிருக்கும். குதிரையக் கட்டி இழுத்தாங்க, வெடி வச்சாங்க, துளை போட்டு உள்ள நெருப்பு வச்சு நாள் கணக்கா புகைய விட்டாங்க, ஒரு கட்டைய ஒழிக்கறதுக்குள்ள தாவு தீந்துரும். வீட்டைக் கட்டிப்பார்னு நம்ம ஊர்ல சொல்லுவோம், அவங்க ஊர்ல கட்டைய எடுத்துப்பார்னுதான் சொல்லியிருக்கணும். இந்த லட்சணத்துல எடுக்க முடியாத ஒண்ணுக்குள்ள குடியேறிடலாம்னு ஒருத்தனுக்கு தோணினது ஆச்சரியமே இல்லை. நான் இதை ரொமான்டிக்கான விஷயமா நினைச்சிட்டு இருந்தேன், இல்லைங்க, முதுகு ஒடிஞ்சவனோட ஐடியா இது.

அதுலயும் சிடாரா அமைஞ்சது பெரிய அதிர்ஷ்டம். மரவேலை தெரிஞ்சவங்களுக்கு வைரம்னா என்னன்னு தெரியும், மரத்தோட நடுவுல கருத்து இறுகி இருக்கற பகுதி. சிடாரோ தேக்கோ எதுவா இருந்தாலும் வைரம்ங்கறது உண்மையில செத்துப்போன பகுதிதான், உயிர் இருக்கறதெல்லாம் வெளிய பட்டைக்குக் கீழ இருக்கற மெல்லிசான வெள்ளையில. அதனாலதான் உள்ள மொத்தமும் பொந்தா போன மரம்கூட பச்சைப்பசேல்னு தழைச்சு நிக்குது, தண்ணி ஏறறதும் சத்து இறங்கறதும் ஓரத்துல நடந்துட்டே இருக்கும். நிக்கறதுக்கும் பெருசா பாதகம் இல்லை, உள்ள கெட்டியான கம்பியும் உள்ள கூடான குழாயும் காத்துக்கு எப்படி தாங்கும்னு பாத்தா புரியும், வளையற சுமையத் தாங்கறது பெரும்பாலும் ஓரம்தான், நடு இல்லை. சிடார் விஷயத்துல இன்னொண்ணு, அதோட வைரத்துல துஜாப்ளிசின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, பூஞ்சைக்கு ஆகாது. அப்படியும் சில பூஞ்சைகள் பல நூறு வருஷம் பொறுமையா வேலை பாத்து நடுவை மட்டும் தின்னுட்டு வெளி ஓட்டை விட்டு வச்சிடும். அதாவது மனுஷன் வர்றதுக்கு முன்னாடியே பூஞ்சை ரூமைக் குடைஞ்சு வச்சிருச்சு, நாம போய் மிச்ச மீதிய சுரண்டி, கதவு அறுத்து, கூரை போட்டா போதும். கூரைக்கும் வெளிய தேட வேண்டாம், சிடார் நேரா பிளக்கும், பக்கத்துல கிடக்கற துண்டையே ஓடு மாதிரி மெல்லிசா பிளந்து மேல அடுக்கிக்கலாம். 1890கள்ல வெட்டின கட்டைங்க இன்னும் அந்தக் காட்டுல நிக்குது, தலை மேல வேற மரம் முளைச்சு வளர்ந்து, வேரை கட்டை மேல வழிய விட்டு கீழ மண்ணுல ஊன்றி நிக்கும், பாக்க ஆக்டோபஸ் மாதிரி.

உள்ள இருந்து பாத்தா எப்படி இருந்திருக்கும்னுதான் எனக்கு அரிப்பு. சாக்பீஸ் வட்டத்துக்குள்ள நான் ஒரு கட்டில் போட்டுப் பாத்தேன் (கோடுதான்), வட்டச் சுவருக்கு நேர்க்கட்டில் ஒட்டவே மாட்டேங்குது, மூலையே இல்லாத வீட்டுல எல்லா சாமானும் நடுவுக்கு நகர்ந்து வருது. ஆனா நிஜக் கட்டை சுத்தமான வட்டம் இல்லை, வேர் கிளம்பற இடத்துல எல்லாம் வெளிய புடைச்சுக்கிட்டுப் போகும், உள்ள அது சின்னச் சின்ன மாடம் மாதிரி ஆயிடும், ஒண்ணுல விளக்கு, ஒண்ணுல பாத்திரம், ஒண்ணுல குழந்தையப் படுக்க வச்சுக்கலாம். அடுப்புப் புகைக்கு கூரை வழியா ஒரு தகரக் குழாய். மழை விடாம கொட்டற ஊர் அது, ஈரம் ஏறாம இருந்திருக்காது, எறும்பும் சும்மா விட்டிருக்காது. பெரும்பாலும் நல்ல வீடு கட்டற வரைக்கும் ஒண்டிக்கிட்டவங்கதான், அப்புறம் அதே கட்டைய கோழி அடைக்கவும் பன்னி அடைக்கவும் விட்டுட்டாங்க. கோழிக்கு அந்த வீடு பிரமாதம்.

கட்டைய வச்சு பண்ணின கூத்துல என்னால ஜீரணிக்கவே முடியாதது கலிஃபோர்னியா கலவெராஸ் தோப்புல நடந்தது. 1853ல ஒரு ராட்சச செக்கோயா மரத்தை, பலகைக்குக்கூட இல்லை, வேடிக்கை காட்டறதுக்காக வெட்டினாங்க. ரம்பத்துக்கு அடங்கல, அஞ்சு பேர் தமர் போட்டு சுத்திச் சுத்தி துளைச்சே 22 நாள் ஆச்சு. அப்புறம் அந்தக் கட்டை மேல தளம் மாதிரி இழைச்சு டான்ஸ் ஆடினாங்க, 32 பேர் ஒரே நேரத்துல ஆடினதா பதிவு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கும் மேல நின்ன மரம். குடியிருந்தவனையாவது மன்னிக்கலாம்.

அந்த செக்கோயா காட்டுல பொந்து உண்டாகற விதமே வேற, அங்க வேலை பாக்கறது நெருப்பு. பட்டை ரெண்டு அடி கனம் வரைக்கும் இருக்கும், சாதாரண காட்டுத்தீ ஒண்ணும் பண்ணாது, ஆனா சரிவுல நிக்கற மரத்துக்கு மேட்டுப் பக்கம் சருகும் சுள்ளியும் உருண்டு வந்து சேரும், தீ வர்றப்ப அந்த இடம் மட்டும் ரொம்ப நேரம் எரிஞ்சு ஒரு தழும்பு விழும், அடுத்த தீ அதே தழும்புல நுழைஞ்சு கொஞ்சம் பெருசாக்கும், அப்படியே நூத்துக்கணக்கான வருஷத்துல ஒரு குகை. கடலோர ரெட்வுட் காட்டுலயும் இதே கதைதான், குடியேற வந்தவங்க அந்தப் பொந்து வாயில வேலி கட்டி வாத்து அடைச்சாங்க, அதனால இன்னைக்கும் அந்தப் பொந்துக்கு அங்க "கூஸ்பென்"னே பேர். மேல மரம் உயிரோட, கீழ வாத்து.

செக்கோயா தேசியப் பூங்காவுல தார்ப்ஸ் லாக்னு ஒண்ணு இருக்கு, ஹேல் தார்ப்னு மாடு மேய்ச்ச ஆள், விழுந்து கிடந்த, நெருப்பு குடைஞ்ச ஒரு செக்கோயாவுக்குள்ள வெயில் காலத்துல தங்கினாரு. படுத்த மரம், அதனால வீடு நீளமா சுரங்கம் மாதிரி, வாய்ப்பக்கம் நிமிர்ந்து நிக்கலாம், உள்ள போகப் போக குனியணும், 50 அடிக்கு மேல போகுது. வாய்ப்பக்கம் மட்டும் பலகை வச்சு அடைச்சு கதவு, ஜன்னல், கல் அடுப்பு. 1858ல முதல் முதலா அந்தக் காட்டுக்கு அவரைக் கூட்டிட்டுப் போனவங்க அந்த மண்ணோட பழங்குடிகள், அதையும் சேர்த்தே சொல்லணும். 1875ல, காடுகளைப் பத்தி நிறைய எழுதின ஜான் மியூர் அங்க போய் தங்கியிருக்காரு. 1890ல பூங்கான்னு அறிவிச்சதும் மாட்டுக்காரர் கிளம்பிட்டாரு, மரம் அங்கயேதான் கிடக்கு, கட்டில் மேசையோட, இப்பவும் போய்ப் பாக்கலாம்.

வீடு ஒரு ரகம்னா ஒளிவிடம் இன்னொரு ரகம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரிங்கிள் அண்ணன் தம்பி கதை. ஜான் பிரிங்கிள், சாமுவேல் பிரிங்கிள், ரெண்டு பேரும் பிட் கோட்டையில சிப்பாய்ங்க, இப்ப பிட்ஸ்பர்க் இருக்கற இடம். 1761ல கோட்டைய விட்டு ஓடிட்டாங்க. பட்டாளத்தை விட்டு ஓடினவனுக்கு பிடிபட்டா என்ன கதின்னு சொல்ல வேண்டாம், காடு காடா அலைஞ்சு 1764ல இப்ப மேற்கு வர்ஜினியாவுல இருக்கற பக்கானன் ஆத்தங்கரைக்கு வந்து சேர்ந்தாங்க, அங்க ஒரு பெரிய சைக்கமோர் மரம், உள்ள பொந்து, 11 அடி ஆழம்னு சொல்றாங்க. உள்ள புகுந்தவங்க மூணு வருஷம் வெளிய யாரையும் பாக்கலை. வேட்டை ஆடித் தின்னாங்க, உப்பு கூட கிடையாது, துணி கிழிஞ்சதும் தோலைத்தான் உடுத்திக்கிட்டாங்க. என் பிரச்சினை என்னன்னா அண்ணன் தம்பி ரெண்டு பேர் மூணு வருஷம் 11 அடிக்குள்ள, நானும் என் அண்ணனும் ஒரு ரூம்ல மூணு நாள் சேர்ந்து இருந்தாலே நாலாவது நாள் பேச்சுவார்த்தை இருக்காது.

துப்பாக்கி மருந்து தீர்ந்து ரெண்டு தடவை சுடற அளவுக்குத்தான் மிச்சம்னு ஆனதும், 1767ல ஜான் மட்டும் மருந்து வாங்க துணிஞ்சு வெளிய போனாரு. போன இடத்துலதான் தெரியுது, பிரெஞ்சுக்காரங்களோட நடந்த சண்டை முடிஞ்சே பல வருஷம் ஆச்சு, தப்பி ஓடினவங்களை யாரும் தேடவே இல்லைன்னு. சமாதானம் ஆனது 1763ல! அதாவது இவங்க பொந்துக்குள்ள காலெடுத்து வச்சப்பவே வெளிய எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. கண்ணாமூச்சி ஆடறப்ப நல்ல இடத்துல ஒளிஞ்சவனை விட்டுட்டு மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிடுவாங்களே, அதே கதைதான். அப்புறம் அவங்க காட்டின வழியிலதான் அந்தப் பள்ளத்தாக்குல ஆட்கள் குடியேறினாங்க. பழைய மரம் போயிடுச்சு, அதோட வம்சத்துல வந்த ஒரு மரத்தைக் காட்டி இன்னைக்கும் அங்க ஒரு பூங்கா இருக்கு.

ஒண்ணு சொல்லிடறேன், மரப்பொந்து கதைன்னாலே நெட்டுல அளந்து விடறது ஜாஸ்தி. ஆஸ்திரேலியாவுல டெர்பி பக்கம் ஒரு பொந்து போவாப் மரம், கைதிகளை ராத்திரி உள்ள அடைச்சு வச்ச ஜெயில் மரம்னு போட்டோ போட்டோவா சுத்துது. அதுக்குள்ள ஆளை அடைச்சதுக்கு உருப்படியா ஆதாரம் கிடையாது. அந்த மரம் அங்க இருக்கற பழங்குடி மக்களுக்கு புனிதமான இடம், அதைப் பத்தி ஒரு வரி கூட அந்த போஸ்ட்டுகள்ல இருக்காது, கடுப்பா வருது.

ஆப்பிரிக்க பாவோபாப் மரத்தோட சங்கதியே தனி. நான் அதுவும் உளுத்துத்தான் பொந்தாகுதுன்னு நினைச்சேன். ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றது என்னன்னா, பெரிய பாவோபாப் பல நேரம் ஒரே தண்டு இல்லை, பல தண்டுகள் வளையமா நின்னு காலப்போக்குல ஒட்டிக்கிட்டது, நடுவுல இருக்கற இடம் எப்பவுமே மரமா இருந்ததே இல்லை. அதனால உள்பக்கச் சுவர்லயும் பட்டை இருக்கும்! தென்னாப்பிரிக்காவுல சன்லேண்ட்னு ஒரு பாவோபாப், 1993ல அதுக்குள்ள பாரே நடத்தினாங்க, 2016ல ஒரு பக்கம் சரிஞ்சது, 2017ல இன்னொரு பக்கம். பிரான்ஸ்ல அலூவில்னு ஒரு ஊர்ல ஓக் மரத்துக்குள்ள 1696லயே சின்னதா தேவாலயம் வச்சாங்க, அதுக்கு மேல இன்னொண்ணு, மரத்தைச் சுத்தி படிக்கட்டு, பட்டை போன இடத்துல எல்லாம் மர ஓடு ஒட்டி, முட்டுக்கம்பு கொடுத்து, அது இன்னும் துளிர் விட்டுக்கிட்டுத்தான் இருக்கு.

செத்த கட்டைக்கும் அப்படி ஒட்டுப் போட்டவங்க உண்டு. வான்கூவர்ல ஸ்டான்லி பார்க்ல ஒரு பொந்து சிடார் கட்டை, ஒரு காலத்துல ஜனங்க கார ரிவர்ஸ்ல உள்ள விட்டு நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட கட்டை. 2006 புயல்ல சாஞ்சுடுச்சு, 2008ல எடுத்துடலாம்னு முடிவு பண்ணினாங்க, ஊர் ஜனம் விடல, காசு சேர்த்து 2011ல இரும்புச் சட்டம் கொடுத்து நிமிர்த்தி வச்சுட்டாங்க. உயிர் போயி எத்தனையோ காலம் ஆன ஒரு வெத்து ஓடு. முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் இதுவும் போச்சுன்னா வேற கிடையாதேன்னு தோணுச்சு. ஏன்னா இனிமே அந்த சைஸ்ல கட்டை வர வழியே இல்லை, இப்ப மரம் நட்டா 40, 60 வருஷத்துல வெட்டிடறாங்க, செயின்சா தரையோட தரையா அறுக்குது, பூஞ்சை குடையறதுக்கு தேவையான நூத்துக்கணக்கான வருஷத்தை யாரும் கொடுக்கறது இல்லை.

இதுல நிஜமா மாட்டிக்கிட்டது கரடிங்க. அந்தக் கடலோரத்துல குளிர்காலம்னா மழை, தரையில வளை தோண்டினா தண்ணி நிக்கும், அதனால கருங்கரடி பெரிய பொந்து மரத்துலயும் பழைய கட்டையிலயும்தான் படுத்து குட்டி போடும். பழைய கட்டைங்க உளுத்துக் கரைஞ்சுட்டே வருது, புதுசு வரல. வான்கூவர் தீவுல ஆராய்ச்சியாளர்கள் பிளாஸ்டிக்ல பொந்து செஞ்சு காட்டுல வச்சுப் பாக்கறாங்க, கரடியும் போய் படுக்குதாம்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். என் வட்டத்துக்குள்ள அக்கா பொண்ணும் பக்கத்து வீட்டு வாண்டுங்க நாலும் உக்காந்திருக்கு. நான் போட்ட கட்டில் கோட்டை அழிச்சுட்டு வட்டத்தை ஒட்டி வெளிய இன்னொரு சின்ன வட்டம் போட்டு வச்சிருக்கா, அதான் பாத்ரூமாம். நான் குறுக்கால நடந்து கொடிக்குப் போகலாம்னு கால வச்சேன், "மாமா, சுவர் மேல நடக்கறீங்க, கதவு அந்தப் பக்கம்"னு கத்தினா. சுத்திக்கிட்டுத்தான் போனேன்.